வெள்ளிக்கிழமைக் கிரேட்

யோகராணி பதின்மூன்று வருடம் வெறும் போத்தல்களைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர்.

நியூசிலாந்தின் பாபடோயிட்டோயில் ரயில் பாதையை ஒட்டி அப்போது ராத்போன் புரூவரி என்றொரு பியர்த் தொழிற்சாலை இருந்தது. பெரிய கொம்பனி இல்லை. தெற்கு ஆக்லாந்தில் பத்துப் பன்னிரண்டு பப்புகளுக்குப் பியர் கொடுத்தார்கள். பப்புகளுக்கு டாங்கர் லொறியில் போகும். பெற்றோல் இறக்குவதுபோலக் குழாய் மாட்டி நிலவறைத் தொட்டிக்குள் இறக்குவார்கள். வீட்டில் குடிக்கிறவர்களுக்குப் பெரிய பழுப்புப் போத்தல்கள், பிளாஸ்டிக் கிரேட் ஒன்றில் பன்னிரண்டு. குடித்து முடித்து வெறும் போத்தல்களைக் கிரேட்டோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். அவற்றைக் கழுவி மறுபடி நிரப்புவார்கள்.

கழுவிய போத்தல்கள் ஒரு வெளிச்சத் திரைக்கு முன்னால் வரிசையாக ஓடும். யோகராணி உயரமான ஸ்டூலில் இருந்து அவற்றுக்குள் பார்ப்பார். ஆட்கள் போத்தலுக்குள் எதையும் போடுவார்கள். சிகரெட் கட்டை, காயத்துக்குக் கட்டிய பிளாஸ்டர், செத்த கரப்பான். கழுவியும் போகாதது எதுவோ அதை அவர் கண்டு வெளியே எடுக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தால் கண் ஏமாற்றத் தொடங்கும். அதனால் இருபது நிமிடம் பார்ப்பதும் நாற்பது நிமிடம் கிரேட் அடுக்குவதுமாக மாறி மாறிச் செய்வார்கள். இடையிடையே மேற்பார்வையாளர் செத்த எலி கிடக்கும் போத்தல் ஒன்றைச் சொல்லாமல் வரிசையில் செருகிவிடுவான். தவறவிட்டால் சாப்பாட்டறைப் பலகையில் பெயர் எழுதப்படும். யோகராணியின் பெயர் பதின்மூன்று வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்தப் பலகையில் ஏறியது. அன்றைக்கு அவருடைய இடது கண் வீங்கி மூடியிருந்தது.

அவருடைய கணவர் தவராசா ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்தவர். ஊர்க் கூட்டமென்றால் அவர் பேசாமல் முடியாது. எண்பத்தெட்டில் மனைவியையும் மூன்று வயது மகள் கிருசாந்தியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். கோழித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. குளிர் அறையில் வழுக்கி விழுந்து முதுகு போனது. அதன் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. பகலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஜங்ஷன் டாவர்னுக்குப் போய்விடுவார். அதுவும் ராத்போன் பியர் விற்கும் பப்தான். சாயங்காலம் திரும்பி வந்து வீட்டில் கை நீட்டுவார்.

ராத்போனில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போகும்போது ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கிரேட் பியர் இலவசமாகக் கொடுப்பார்கள். முதல் ஒன்பது மாதம் யோகராணி தன் கிரேட்டைச் செஃபினாவிடம் கொடுத்துவிட்டார். செஃபினா சமோவாக்காரி, பக்கத்து ஸ்டூலில் இருந்தவள். யோகராணிக்கு அங்கே சிநேகிதி என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். அவளுக்குப் பெரிய குடும்பம். ஞாயிறு தேவாலயம் முடிந்து ஆட்கள் வந்துபோகும் வீடு. கண் வீங்கிய நாளில் மீதி நேரம் முழுக்க யோகராணிக்காகத் திரைக்கு முன்னால் இருந்ததும் அவள்தான்.

கோயில் சாப்பாட்டு வரிசையில் யாரோ தவராசாவிடம், "உங்கட மனிசிக்குக் கிழமைக்கு ஒரு கிரேட் குடுக்கினமே, அது எங்கை போகுது?" என்று சிரிப்பாகக் கேட்டுவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தவராசா தொழிற்சாலை கேற்றடியில் சேர்ட்டை இஸ்திரி போட்டு உடுத்து நின்றார்.

"எங்கட சாமானை ஊருக்குக் குடுக்கிறியோ?" என்றார். குரல் உயரவில்லை. யோகராணியின் கையிலிருந்த கிரேட்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக் கதவு சாத்திய பிறகு அடித்தார். அந்த அடியில் போன இடது காது பிறகு கேட்கவில்லை. போத்தல்கள் மோதும் இரைச்சலில் செவி போவது அங்கே சகஜம் என்பதால், வேலையால் வந்தது என்று எழுதிக் காதுக்கருவி கொடுத்தார்கள். யோகராணி மறுக்கவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைக் கிரேட் வீட்டுக்கு வந்தது. தவராசா அதில் ஒரு விளையாட்டையும் கண்டுபிடித்தார். ஒவ்வொரு போத்தலையும் மேசையில் வைத்து மனைவியைக் கூப்பிடுவார்.

"பாத்துச் சொல்லு. உன்ர உத்தியோகம் இதுதானே."

யோகராணி டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, "ஒண்டுமில்லை" என்று சொன்ன பிறகுதான் தவராசா திறப்பார். சில நாளில் கிளாஸுக்குள் தானே ஒரு தீக்குச்சியை முறித்துப் போட்டுவிட்டு, "இது என்ன?" என்பார். விருந்தினர் இருந்தாலும் அந்த விளையாட்டு நடக்கும். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

தொண்ணூற்றொன்பது ஜூனில் தவராசா மஞ்சள் பூத்த கண்களோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். ஈரல் கெட்டுப்போயிருந்தது. டொக்டர் கணவன் மனைவி இருவரையும் எதிரே இருத்தி, இனிக் குடித்தால் சில வாரம்தான் என்றார். புரியாமல் போகக் கூடாதென்று இரண்டாம் தரமும் சொன்னார்.

தவராசா குடியை நிறுத்தினார். ஏழு வாரம் ஒரு சொட்டுத் தொடவில்லை. சவரம் செய்துகொண்டார், விபூதி பூசினார், கிருசாந்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். யோகராணி கிரேட்டை மறுபடி செஃபினாவுக்குக் கொடுக்கத் தொடங்கினார். வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. பதினாலு வயது கிருசாந்தி அந்த ஏழு வாரத்தில் தகப்பனோடு ஒட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு ஓடி வருவாள். யோகராணிக்கு மட்டும் அந்த மனிதரோடு என்ன கதைப்பதென்று தெரியவில்லை. அவர் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து நீட்டினால், யோகராணியின் கை தானாகவே முகத்தை மறைக்க எழும்பியது.

ஓகஸ்டில் இங்கத்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் சுந்தரமூர்த்தி ஒரு ஏற்பாடு செய்தார். குடியால் சில குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு, திருந்திய ஒருவரைப் பேச வைத்தால் நல்லது என்று நினைத்தார். சனிக்கிழமைப் பூசை முடிந்ததும் தவராசா கோயில் மண்டபத்து மேடையில் ஏறினார். பதினொரு வருடத்துக்குப் பிறகு கையில் மைக் கிடைத்தது. அழகாகப் பேசினார். பாதி மண்டபம் கண்ணைத் துடைத்தது.

"ஊரிலை நான் சாராயத்தைத் தொட்டதில்லை," என்றார். "இஞ்சை என்ர மனிசிக்கு பியர்க் கொம்பனியிலை வேலை. கிழமைக்கு ஒரு கிரேட் கொண்டந்து மேசையிலை வைப்பா. வேலை வெட்டி இல்லாத ஆம்பிளை என்ன செய்வான்? அவ வைச்சா, நான் குடிச்சன். நான் அவவைக் குறை சொல்லேல்லை. அவவுக்குத் தெரியாது."

மன்னித்து விட்டவரைப் போல மனைவி இருந்த பக்கம் பார்த்துக் கை கூப்பினார். பெண்கள் வரிசையில் தலைகள் திரும்பின. அன்று அன்னதானத்துக்கு வெங்காயம் வெட்டப் போன யோகராணியை, சமையலுக்குப் பொறுப்பான ரதிதேவி வாசலிலேயே மறித்தார்.

"நீங்கள் இருங்கோ அக்கா. பியர் பிடிச்ச கை. சாமிச் சாப்பாடெல்லே, சனம் ஏதும் சொல்லும்."

யோகராணி காலணியை மாட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை செஃபினா கை நீட்டியபோது, "இண்டைக்கு இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கிரேட்டைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் நடந்து வந்து குசினி மேசையில் வைத்தார். தவராசா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"பியர்."

"கண் தெரியுது. ஏன் கொண்டந்தனீ?"

"நான் கொண்டந்து வைச்சதாலை குடிச்சனெண்டு மண்டபத்திலை சொன்னீங்கள். நான் ஒருநாளும் அப்பிடிக் கொண்டந்து வைக்கேல்லை. நீங்கள் கேற்றிலை வந்து நிண்டு பறிச்சனீங்கள். இண்டைக்கு வைச்சிருக்கிறன். இனி நீங்கள் சொன்னது சரி."

தவராசா பேப்பரை மடித்தார். "நான் செத்துப் போவன், ராணி."

"டொக்டர் சொல்லேக்கை நானும் இருந்தனான்."

தவராசா அன்று குடிக்கவில்லை. அதை வெளியே எடுத்து வைக்கச் சொல்லி மறுநாளும் அதற்கு மறுநாளும் கேட்டார். யோகராணி மேசையைத் துடைக்கும்போது கிரேட்டைத் தூக்கித் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். ஒருநாள் தவராசா தானே ஒரு போத்தலைத் திறந்து சிங்கில் ஊற்றினார். மணம் எழும்பியதும் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய் வாசற்படியில் இருந்தார். சுந்தரமூர்த்திக்குப் போன் செய்து வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். "அது உங்கட வீட்டுப் பிரச்சினை, தவராசா. மனிசியோடை இருந்து கதையுங்கோ" என்று அவர் போனை வைத்துவிட்டார். இரண்டாம் வெள்ளி இன்னொரு கிரேட் வந்து முதல் கிரேட்டின்மேல் ஏறியது. மூன்றாம் வெள்ளி மூன்றாவது.

அதற்கு அடுத்த செவ்வாய் யோகராணி வேலையால் வந்தபோது மேல் கிரேட்டில் நாலு போத்தல் வெறுமையாக இருந்தது. தவராசா கதிரையில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். யோகராணி வெறும் போத்தல்களைக் கிரேட்டில் ஒழுங்காகச் செருகிவிட்டு அரிசி களைந்தார்.

ஒக்டோபரில் தவராசா இரத்த வாந்தி எடுத்துச் செத்தார். சுந்தரமூர்த்தி இரங்கல் உரை நிகழ்த்தினார். திருந்த முயன்ற ஒரு நல்ல மனிதரைக் குடி விடவில்லை என்றார்.

ஒரு தேநீர் இடைவேளையில் செஃபினா, அந்த வாரங்களில் ஏன் கிரேட்டைத் தனக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டாள். யோகராணி மறைக்காமல் சொன்னார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. செஃபினா கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அடுத்த திங்களிலிருந்து அவளுக்கு வேறு ஷிப்ட். கேட்டு வாங்கியிருந்தாள். ஐந்து வருடம் அதே கட்டடத்தில் வேலை செய்தும் அவள் யோகராணியோடு மறுபடி பேசவில்லை.

இரண்டாயிரத்து நாலில் ராத்போன் மூடப்பட்டது. உருக்குத் தொட்டிகளை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தில் இப்போது வரிசை வீடுகள். ஜங்ஷன் டாவர்ன் இருந்த இடத்தில் டயர் கடை. யோகராணி விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்குப் போய், அறுபத்தைந்தில் ஓய்வுபெற்று, சின்ன யூனிட் வீடு ஒன்றில் தனியாக இருக்கிறார். கிருசாந்தி ஹென்டர்சனில் பிசியோதெரபிஸ்ட். கணவன் பார்த்தீபனோடும் இரண்டு பிள்ளைகளோடும் மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மரவீடு ஒன்றை வாங்கியிருக்கிறாள். சனிக்கிழமைகளில் தாயைக் கடைக்குக் கூட்டிப்போக வருவாள்.

போன வருடம் மார்ச்சில் ஊர் வரலாற்றுக் குழு ஒன்று பழைய புரூவரிகளையும் பப்புகளையும் பற்றிய நினைவுகளைச் சேர்க்க ஒரு கூட்டம் வைத்தது. அதை நடத்தியவள் சிந்து, மதுரையிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலை எடுத்தவள். யோகராணி ராத்போனில் இருந்தவர் என்று கிருசாந்தி மூலம் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தாள்.

"நீங்க ஒண்ணும் பெருசா பேச வேண்டாம் ஆன்ட்டி. பாட்டில் செக் பண்ணதப் பத்தி ரெண்டு நிமிஷம் சொன்னாப் போதும். அங்க வேலை பார்த்த பொம்பளைங்க குரல் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல."

சனிக்கிழமை மத்தியானம் முப்பது பேர்வரை வந்திருந்தார்கள். பெரும்பாலும் கிழவர்கள். கிளாஸுக்குக் கீழே வைக்கும் ராத்போன் கோஸ்டர், பப் துவாய், பழைய படங்கள் மேசையில் பரப்பியிருந்தன. யோகராணி கேட்கும் காது முன்பக்கம் இருக்கும்படி மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். மைக்கை முதலில் வாங்கியவர் கொலின், ராத்போன் டாங்கர் ஓட்டியவர். எண்பது வயதுக்கு நல்ல திடகாத்திரம். ஆட்களைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். எந்தப் பப்பில் நிலவறை நாறும், எந்தப் பப்பில் முதலாளி பொய் சொல்லுவான் என்று சொல்லிக்கொண்டு வந்து ஜங்ஷன் டாவர்னில் நின்றார்.

"அங்கே எங்களுக்கு ஒரு புரொபசர் இருந்தார்," என்றார். "இந்திய ஆள். எந்த நேரமும் இஸ்திரி போட்ட சேர்ட். மத்தியானத்தில் கையில் காசு முடிந்துவிடும். பியர்க் குழாய்க்குக் கீழே வழிகிறதைப் பிடிக்க ஒரு தட்டு இருக்கும், தெரியுமே. அதில் சேர்ந்ததையும், மற்றவர்கள் மிச்சம் விட்டதையும் ஒரு ஜக்கில் ஊற்றி வைப்போம். புரொபசர், ஒரு ஸ்பீச், என்போம். வெறும் கிரேட்டைக் கவிழ்த்து மேலே ஏறி நின்று தன் பாஷையில் பேசுவார். பத்து நிமிடம், கையை ஆட்டி, பிரதம மந்திரி மாதிரி. ஒரு சொல் விளங்காது. முடிந்ததும் கைதட்டி ஜக்கைக் கொடுப்போம். ஒரே மூச்சில் குடிப்பார்."

அறை சிரித்தது. கொலின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஒரே ஒரு சொல்தான் எங்களுக்குப் பிடிபட்டது. ராணி, ராணி என்று நிறைய வரும். அந்தச் சொல்லுக்கு மகாராணி என்று அர்த்தமாம், ஃபிஜி இந்திய ஆள் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு புரொபசர் ராணி என்று சொல்லும் ஒவ்வொரு தரமும் பப் முழுக்க எழும்பி நின்று, இங்கிலாந்து மகாராணிக்கு என்று கிளாஸைத் தூக்குவோம். ஒருநாள் அவர் அழுதார். அவ்வளவு ராஜபக்தி."

இன்னும் பெரிய சிரிப்பு. கிருசாந்தி முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். யோகராணி எழும்பினார். அவருடைய ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம்; சுற்றி வளைக்காது.

"அது என் கணவர்," என்றார். "ராணி நான்தான்."

கொலின் பக்கம் திரும்பினார்.

"அவர் என்ன சொன்னவர்?"

"தெரியாதம்மா," என்றார் கொலின். முகம் சிவந்திருந்தது. "எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை."

"திட்டினாரா?"

"தெரியாது. உண்மையாகவே தெரியாது. மன்னிக்க வேண்டும்."

சிந்து வந்து தோளைத் தொட்டாள். "ஆன்ட்டி, உக்காருங்க. அப்புறமாப் பேசலாம்." யோகராணி உட்காரவில்லை. சிந்து கையிலிருந்த மைக்கை வாங்கி, கிரேட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கேற்றடி, மண்டபம், மூன்று வெள்ளிக்கிழமை, நாலு வெறும் போத்தல். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சொல்லி முடித்ததும் கொலினைப் பார்த்து, "நீங்கள் கொன்றதாக நினைக்க வேண்டாம். கொன்றது நான்" என்றார். சில ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். ஒரு பெண் கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கிருசாந்தி யூனிட் வாசலில் தாயைக் காரால் இறக்கிவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை பார்த்தீபன் வந்து சாமான் பைகளை வைத்துவிட்டு, "அவவுக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு மாமி" என்றான்.

ஐந்து வாரம் கழித்து, வேலை நாள் ஒன்றின் பகலில், கிருசாந்தி தனியாக வந்தாள். உட்காரவில்லை. கார்த் திறப்பைக் கையிலேயே வைத்திருந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள்.

"ஒன்று மட்டும் கேட்க வந்தேன். அந்த நாலு போத்தல் குடித்த அன்று என்ன நடந்தது, தெரியுமா?"

"நான் வேலையிலை."

"நான் பள்ளிக்கூடத்தால் வந்தேன். அப்பா மேசைக்கு முன்னால் இருந்தார். கை ஆடிக்கொண்டிருந்தது. தன்னால் திறக்க முடியவில்லை, ஒன்று ஊற்றித் தா என்று கேட்டார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒரு அப்பா கிடைத்திருந்தார். அவர் கேட்டதை நான் செய்தேன். நாலையும் நான்தான் ஊற்றினேன். நீ வருவதற்குள் கிளாஸைக் கழுவி வைத்தேன்."

யோகராணி சொன்னார், "தெரியும் பிள்ளை."

கிருசாந்தி தாயைப் பார்த்தாள்.

"கழுவிக் கவிட்டு வைச்ச கிளாஸைக் கண்டனான். அவர் ஒருநாளும் கிளாஸ் கழுவினதில்லை."

"அன்றைக்கே தெரியுமா?"

"ஓம்."

"என் அப்பாவைக் கொன்றது நான் என்று நினைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் இருந்தேன்," என்றாள் கிருசாந்தி. "அதற்காகவே எத்தனையோ பேரிடம் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் பார்த்தீபனிடம் சொன்னேன். நீ ஏன் ஒரு சொல் சொல்லவில்லை?"

யோகராணி யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "சொன்னால், அந்தக் கிரேட் ஏன் மேசையிலை இருந்ததெண்டு நீ கேட்டிருப்பாய்."

கிருசாந்தி தலையாட்டினாள், கணக்கு சரிவந்துவிட்டதுபோல. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு, வேண்டாம் என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளைகள் அதன் பிறகு அம்மம்மா வீட்டுக்கு வரவில்லை. கிருசாந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, மருந்து எடுத்தாயா, சாமான் வந்ததா என்று கேட்பாள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மே மாதக் கடைசியில் சிந்து போன் செய்தாள். அன்று பதிவு செய்த பேச்சுகளை இணையத்தில் போடப் போகிறார்களாம்.

"உங்க மகள் மெயில் பண்ணியிருக்காங்க ஆன்ட்டி. நீங்க பேசின பகுதிய எடுத்துடச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ சொல்லுறபடி செய்யுங்கோ."

"சரி ஆன்ட்டி."

"அப்ப அந்த லொறிக்காரர் கதைச்சதும் போகுமோ?"

சிந்து தயங்கினாள். "அது அவர் பேசினது ஆன்ட்டி. அவர் சம்மதம் குடுத்திருக்காரு. பேர் எதுவும் வரல, புரொபசர்னு மட்டும்தான் வருது. குழுவுல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. அது இருக்கும்."

யோகராணி சரி என்று சொல்லிப் போனை வைத்தார். கொலினின் நினைவுகள் இப்போது அந்தப் பக்கத்தில் முதலாவதாக இருக்கின்றன, ஆறு நிமிடம். மகாராணிக்கு என்று எல்லோரும் எழும்பி நின்ற இடத்தில் அறை சிரிப்பது நன்றாகக் கேட்கிறது. சிரிப்பு முடிவதற்குள் பதிவு நின்றுவிடுகிறது.